தாமிரபரணித் தண்ணீரும் அறிவியல் முறையும்

திருநெல்வேலி அல்வாவின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே கோதுமையையும் அதே நெய்யையும் சென்னைக்குக் கொண்டுபோய், இங்கே கிண்டுகிற அதே ஆளை வைத்துக் கிண்டினாலும் அந்த ருசி வராது என்பது நெல்லைக்காரர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. அது சரியாகவே இருக்கலாம். சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காக விடை தேட உட்கார்ந்தாலே அறிவியல் முறை என்றால் என்ன என்பது பெருமளவு விளங்கிவிடும். அது ஒரு மனிதரையும் ஒரு சமூகத்தையும் எப்படி மாற்றுகிறது என்பதும் அங்கிருந்தே தொடங்குகிறது.

பள்ளியில் இதைப் படிகளாகக் கற்பிக்கிறார்கள்: உற்றுநோக்கல், கேள்வி, கருதுகோள், சோதனை, முடிவு. தேர்வு எழுத அது போதும். ஆனால் அந்தப் படிகளுக்குள் ஏன் இத்தனை கெடுபிடி, எதற்காக விஞ்ஞானிகள் சின்ன விஷயத்துக்கும் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பது அந்த வரிசையில் தெரியாது. அல்வாவை வைத்துப் பார்த்தால் தெரியும்.

முதலில், சொல்வதைச் சோதிக்கத் தகுந்த வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். "தாமிரபரணித் தண்ணீருக்குத் தனி ருசி" என்றால் அதைச் சோதிக்க வழியில்லை. "தாமிரபரணித் தண்ணீரில் கிண்டிய அல்வாவையும் வேறு தண்ணீரில் கிண்டிய அல்வாவையும் சாப்பிட்டுப் பார்த்தே பிரித்துச் சொல்லிவிடலாம்" என்றால் சோதிக்கலாம். இதுதான் கருதுகோள். இந்த இரண்டாவது வாக்கியம் தோற்கக்கூடியது. சோதனையில் பிரித்துச் சொல்ல முடியாமல் போனால் அது விழுந்துவிடும். எந்த நிலையிலும் தோற்காதபடி பேசிவிட்டு அதை அறிவியல் என்று சொல்ல முடியாது.

அடுத்தது ஒப்பீடு. சென்னையில் உறவினர் வீட்டில் கிண்டிய அல்வாவைச் சாப்பிடுகிறோம். ஊருக்கு வந்ததும் கடைவாசலில் நின்று சூடாக வாங்கிச் சாப்பிடுகிறோம். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் என்கிறோம். வித்தியாசம் உண்மைதான், ஆனால் அங்கே மாறியது தண்ணீர் மட்டுமா? கோதுமை வேறு, நெய் வேறு, அடுப்பு வேறு, கோதுமைப் பாலைத் தெளியவைத்த நேரம் வேறு, பதம் பார்த்த கண் வேறு. ஊருக்கு வந்த மகிழ்ச்சியும் நாக்கில் சேர்ந்துகொள்கிறது. இத்தனையும் ஒன்றாக மாறியிருக்கும்போது தண்ணீரை மட்டும் தனியே பிடித்து இழுத்துப் பாராட்டுவது நியாயமில்லை. ஆகவே ஒரே மூட்டைச் சம்பா கோதுமை, ஒரே டின் நெய், ஒரே சர்க்கரை, ஒரே மாதிரி சட்டி, ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் மாற்ற வேண்டும்.

சாப்பிடுகிறவருக்கு எது எந்தத் தண்ணீர் என்று தெரியக் கூடாது. தெரிந்தால் நாக்கு சொல்வதற்கு முன்பே மனசு சொல்லிவிடும். இது ஏமாற்று வேலை அல்ல, நம் எல்லோருக்கும் உள்ள இயல்பு. கிண்டுகிறவருக்கும் தெரியக் கூடாது. இது தாமிரபரணித் தண்ணீர் என்று தெரிந்தால் அந்தச் சட்டியை இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாகக் கிண்டிவிடுவார், அவரை அறியாமலேயே. தண்ணீரை ஊற்றி வைப்பது ஒருவர், கிண்டுவது இன்னொருவர், தட்டில் எண் ஒட்டிப் பரிமாறுவது மூன்றாமவர் என்று பிரித்துவிட வேண்டும்.

பலரும் இதோடு போதும் என்று நினைப்பார்கள். இங்கேதான் நுட்பமான ஒரு ஓட்டை இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரில் ஒரு சட்டி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சட்டி என இரண்டே சட்டி கிண்டி, அவற்றிலிருந்து எட்டுத் தட்டுகளில் பரிமாறினால், சாப்பிடுகிறவர் எல்லாவற்றையும் சரியாகப் பிரித்துவிட்டாலும் எதுவும் நிரூபணமாகாது. ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே தண்ணீரில் கிண்டினாலும் ஒரு சட்டி போல இன்னொரு சட்டி அமைவதில்லை. ஒன்று கொஞ்சம் இறுகும், ஒன்று கொஞ்சம் இளகும். அவர் பிரித்தது இரண்டு சட்டிகளைத்தான், இரண்டு தண்ணீர்களை அல்ல. ஆகவே ஒவ்வொரு தண்ணீரிலும் நான்கு சட்டி, மொத்தம் எட்டுச் சட்டி கிண்ட வேண்டும். எந்தச் சட்டியை முதலில் கிண்டுவது, எந்தத் தட்டை முதலில் நீட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவுசெய்ய வேண்டும்.

இனி எண்ணிக்கை. நான்கு ஆற்றுத் தண்ணீர், நான்கு கிணற்றுத் தண்ணீர் என்பது மட்டும் சாப்பிடுகிறவருக்குத் தெரியும். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. ஒன்றுமே தெரியாமல் குத்துமதிப்பாகச் சொல்பவர் எட்டையும் சரியாகச் சொல்ல 70-ல் ஒரு வாய்ப்புதான். அப்படிச் சொல்லிவிட்டால் அவர் நாக்கை மதிக்கத்தான் வேண்டும். எட்டில் ஆறு சரியாகச் சொன்னால்? கேட்கும்போது பெரிதாகத் தெரிகிறது. ஆனால் வெறும் குருட்டாம்போக்கிலேயே ஆறோ அதற்கு மேலோ சரியாக அமைய 70-ல் 17 வாய்ப்பு, அதாவது ஏறக்குறைய நான்கில் ஒன்று. எதற்குக் கைதட்டுவது, எதற்குக் கைதட்டக் கூடாது என்பதைக் கணக்கு சொல்கிறது. எத்தனை சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு கோட்டை நகர்த்தினால் சோதனை செய்ததற்கே பொருளில்லை.

இந்தச் சோதனையின் எலும்புக்கூடு ரொனால்ட் ஃபிஷர் என்ற ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞருடையது. 1920-களில் அவர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தார். உடன் பணிபுரிந்த மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணி, கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைக் குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். எட்டுக் கோப்பைகளை வைத்து அதை எப்படிச் சோதிப்பது என்று ஃபிஷர் யோசித்தார்; 1935-ல் சோதனைகளை வடிவமைப்பது பற்றி எழுதிய நூலில் அதையே முதல் எடுத்துக்காட்டாக வைத்தார். தேநீர் ஒரு சாக்கு. அவருடைய உண்மையான கவலை வயல்.

அந்தக் கவலை நம் அம்பாசமுத்திரத்துக்கும் வந்து சேர்ந்தது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937 முதல் இயங்குகிறது. நெல்லைச் சீமையில் கார் பருவத்தில் நிலம் வைத்திருக்கிற எவருக்கும் 'அம்பை 16' என்ற பெயர் தெரியும். குட்டையான, பருமனான அரிசி. ஏறக்குறைய 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். 1986-ல் வெளியிடப்பட்ட இந்த ரகத்தின் பெயரிலேயே ஊர் இருக்கிறது.

ஒரு புது ரகம் பழைய ரகத்தைவிட நன்றாக விளைகிறது என்று எப்படிச் சொல்வது? பக்கத்துப் பக்கத்து வயலில் இரண்டையும் நட்டு அறுத்துப் பார்த்தால் போதுமா? கன்னடியன் கால்வாயில் பாசனம் செய்கிறவரிடம் கேட்டால் சிரிப்பார். தலைமடை வயலும் கடைமடை வயலும் ஒன்றாகுமா? ஒன்று மேடு, ஒன்று பள்ளம். ஒன்றில் தென்னை நிழல் விழும். ஒன்றில் போன வருடம் உளுந்து போட்டிருப்பார்கள், அந்தச் சத்து மண்ணில் நிற்கும். ஆகவே நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைச் சீட்டுப் போட்டு, ஒவ்வொரு ரகத்தையும் பல பாத்திகளில் திரும்பத் திரும்ப நடுகிறார்கள். பிறகு வேறு ஊர்களில், வேறு மண்ணில், பல பருவங்களில் நடுகிறார்கள். அதன்பின் விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே நட்டுப் பார்க்கிறார்கள். இத்தனையையும் தாண்டி வருகிற விதைதான் பரிந்துரைப் பட்டியலுக்கு வருகிறது.

சீட்டுப் போடுவது ஏன் இவ்வளவு முக்கியம்? உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்கிற குடவோலை முறையில், குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுக்க ஒரு சிறுவனை அழைத்தார்கள். ஊர்ப் பெரியவர் எவருடைய விருப்பமும் தேர்வுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். ஆராய்ச்சியாளரும் மனிதர்தான், பத்து வருடம் பாடுபட்டு உருவாக்கிய ரகத்துக்கு நல்ல பாத்தியைக் கொடுக்க அவர் கை தானாகவே போகும். அந்தக் கையைச் சீட்டு தடுக்கிறது.

இதில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சோதனை, கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று மட்டும் கேட்டால் அதற்கு மட்டும்தான் விடை வரும். குட்டை ரகங்கள் பரவியபோது மாட்டுக்கு வைக்கோல் குறைந்தது. பழைய ரகங்கள் பல வயலைவிட்டே போயின. உரச் செலவு கூடியது. இவற்றை அளக்க வேண்டும் என்று அன்றைக்கு அதிகம் பேர் கேட்கவில்லை. எதை அளப்பது என்பதைத் தீர்மானிக்கிற இடத்தில் மாடு வளர்க்கிறவரும் களை பறிக்கிறவரும் இருந்திருந்தால் கேள்விகளே வேறாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

வயலில் பிறந்த இதே யோசனை மருத்துவத்துக்குப் போனபோது மனித வாழ்க்கையே மாறியது. 1947-ல் பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்தார்கள். மருந்து குறைவு, நோயாளிகள் அதிகம். யாருக்குக் கொடுப்பது என்பதைச் சீட்டு முறையில் முடிவுசெய்து இரண்டு குழுக்களையும் ஒப்பிட்டார்கள். அதற்கு அடுத்த பெரிய அடி நம் சென்னையில் விழுந்தது. தமிழர்களிடமே இது போதுமான அளவு பேசப்படவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். மலையோரத்திலோ ஊருக்கு வெளியிலோ நல்ல காற்று, படுக்கை ஓய்வு, பால், முட்டை. தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் நிற்கும் அளவுக்கு அது வேரூன்றியிருந்தது. ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் சொற்பம். நெல்லைப் பக்கத்தில் பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிற ஒரு பெண்ணுக்கு நோய் வந்தால் பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு வருடம் எங்கே போய்ப் படுப்பார்? 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டது. இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளைச் சீட்டு முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் தங்கள் சொந்த வீட்டில். மருந்து இரு தரப்புக்கும் ஒன்றே.

வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெருக்கடியான வீடுகள், குறைவான சாப்பாடு, பலருக்கு ஓய்வும் இல்லை. அப்போதைய மருத்துவ நம்பிக்கைப்படி அவர்கள் பின்தங்கியிருக்க வேண்டும். 1959-ல் முடிவு வெளியானபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் வைத்துச் சிகிச்சை தந்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் பரவவும் இல்லை என்பது தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. குணப்படுத்தியது மருந்துதான், மலைக்காற்று அல்ல. ஒழுங்காக மருந்தைத் தொடர்வதுதான் உயிர்நாடி. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம். இன்றைக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்து மாத்திரை வாங்கிக்கொண்டு ஒருவர் பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்புகிறார் என்றால், அவருக்குப் பின்னால் அந்தச் சீட்டு இருக்கிறது. ஒரு முறையான ஒப்பீடு தாயைப் பிள்ளைகளிடமிருந்து பிரிக்காமல் காத்தது. அரசின் பணத்தைக் கட்டடத்திலிருந்து மருந்துக்குத் திருப்பியது.

இனி ஒரு தனிமனிதரின் அன்றாடத்துக்கு வருவோம். சளி பிடித்தால் ஒரு கஷாயம் குடிக்கிறோம், நான்கைந்து நாளில் சரியாகிறது, கஷாயத்தைப் புகழ்கிறோம். சாதாரணச் சளி குடிக்காவிட்டாலும் ஏறக்குறைய அதே நாளில் போயிருக்கும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் வைத்தியம் தேடி ஓடுகிறோம். உச்சத்துக்கு அடுத்து இறக்கம் தானாக வரும். அந்த இறக்கத்தின் பெருமை கடைசியாகச் செய்த வைத்தியத்துக்குப் போய்விடுகிறது. சளியில் இதனால் பெரிய நட்டமில்லை. சர்க்கரை நோயில் உண்டு. ஒருவர் பொடி ஒன்றைச் சாப்பிடத் தொடங்குகிறார். அதே வாரம் பயத்தில் சோற்றைக் குறைக்கிறார், காலையில் நடக்கிறார், மருத்துவர் தந்த மாத்திரையையும் விடாமல் போடுகிறார். சர்க்கரை இறங்குகிறது. பொடிதான் காரணம் என்று முடிவுகட்டி மாத்திரையை நிறுத்துகிறார். கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் அதன் பலன் சில வருடம் கழித்துத்தான் தெரியும்.

அறிவியல் முறை மனதில் பதிந்த ஒருவர் இந்த இடத்தில் விஞ்ஞானியாகிவிட வேண்டியதில்லை. "வேறு எதெல்லாம் கூடவே மாறியது?" என்று கேட்டாலே போதும். கடைக்காரர் ஒரு மருந்தையோ பூச்சிக்கொல்லியையோ அடித்துச் சொல்லும்போது, "அண்ணாச்சி, இது போடாத வயலோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். 'அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டு, யார் சோதித்தது என்று கேட்கலாம். வயதில் மூத்தவரை, பதவியில் பெரியவரைக்கூட அவமதிக்காமல் கேட்க இந்தக் கேள்விகள் இடம் தருகின்றன, ஏனென்றால் கேள்வி ஆளைப் பற்றியது அல்ல. படிநிலைகள் இறுகிக் கிடக்கிற நம் சமூகத்தில் இது சின்ன மாற்றம் அல்ல. "யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டுப் பழகிய வீட்டில் "எப்படித் தெரியும்?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்கத் தொடங்குகிறாள்.

கசப்பான பகுதி ஒன்றும் உண்டு: நமக்குப் பிடித்ததையும் இதே அளவுகோலில்தான் அளக்க வேண்டும். 1986 வரை நெல்லை மாவட்டமாகவே இருந்த பகுதியில், தாமிரபரணிக் கரைநாட்டில் உள்ளது சிவகளை. அங்கே ஒரு முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில், அங்கே இரும்பு கிடைத்த அடுக்குகளின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று அறிவித்தார்கள். மாதிரிகள் அமெரிக்க ஆய்வகத்துக்கும் இந்திய ஆய்வகங்களுக்கும் போயின. கரியின் வயதை அதில் மிச்சமுள்ள கதிரியக்கக் கார்பனை அளக்கும் கார்பன் முறையிலும், மண்பாண்டத்தின் வயதை அது கடைசியாகச் சூடுபட்ட காலத்தைக் காட்டும் ஒளித்தூண்டல் முறையிலும் கணித்தார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வழிகளில் சோதித்தது நல்ல முறை. நெஞ்சு நிமிர்கிறது, எனக்கும்தான். ஆயினும் கரியின் வயது கரியின் வயதுதான். அந்தக் கரியும் இரும்பும் ஒரே காலத்தில் அங்கே வந்து சேர்ந்தவையா, இன்னும் பல இடங்களில் இதே காலம் கிடைக்கிறதா என்று பிற தொல்லியலாளர்கள் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவரைத் தமிழ்ப் பகைவர் என்று வசைபாடுவது நாம் நமக்கே செய்துகொள்ளும் கெடுதல். கேள்விகளைத் தாங்கி நிற்கிற காலக்கணிப்பைத்தான் உலகம் பாடநூலில் எழுதும்.

அறிவியல் முறைக்கு எட்டாத இடமும் இருக்கிறது. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் அணுஉலை விபத்து நடந்தது. அந்த ஆண்டே இடிந்தகரையில் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிரான மீனவர் போராட்டம் பெரிதாக எழுந்தது. 2013-ல் முதல் உலை மின்சாரம் தரத் தொடங்கியது. உலையின் பாதுகாப்பு அமைப்புகள் எப்படி வேலை செய்கின்றன, கடலில் விடும் நீரின் வெப்பம் எவ்வளவு, காற்றில் கதிரியக்கம் எவ்வளவு என்பதையெல்லாம் அளக்கலாம், அளந்து வெளியிடவும் வேண்டும். மின்சாரம் பலருக்குப் போகும்போது ஆபத்தை யார் சுமப்பது, சுமப்பவரிடம் சம்மதம் கேட்டோமா என்பதை எந்தக் கருவியும் அளந்து சொல்லாது. அதை மக்கள் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். "விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள்" என்று அந்தப் பேச்சையே மூடுவது அறிவியலின் பெயரால் செய்கிற அதிகாரம். அளந்து வந்த எண்களைப் பார்க்கவே மாட்டேன் என்று மறுப்பதும் பேச்சைக் கெடுத்துவிடும்.

1976-ல் செய்த 42-ஆவது திருத்தம் வழியாக, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று நம் அரசமைப்புச் சட்டம் 51ஏ பிரிவில் எழுதிவைத்திருக்கிறது. கடமை என்றவுடன் மலைக்க வேண்டாம். நெல்லையில் அதற்கு வாசல் திறந்தே இருக்கிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் நடந்து வருகிறது. மாணவர்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள் என்று யார் வேண்டுமானாலும் தன்னார்வலராகச் சேரலாம். பறவை பார்க்கத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் சொல்லித் தருகிறார். சேருகிறவர் முதலில் கற்றுக்கொள்வது பறவைப் பெயரைவிட ஒழுங்கை: ஆண்டுதோறும் அதே பருவத்தில், அதே குளங்களில், அதே முறையில் எண்ண வேண்டும். பறந்து போய் அடுத்த கரையில் இறங்கிய கூட்டத்தை இரண்டாம் முறை எண்ணிவிடக் கூடாது. நன்றாகத் தெரியாத பறவையை ஊகித்து எழுதாமல் 'அடையாளம் தெரியவில்லை' என்று குறிக்க வேண்டும். ஒரு பறவையும் இல்லாத குளத்துக்கும் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். அந்தப் பூஜ்யம் இருந்தால்தான் எந்தக் குளத்தில் ஆக்கிரமிப்போ கழிவுநீரோ பறவைகளை விரட்டியது என்று சில ஆண்டுகள் கழித்து மாவட்ட நிர்வாகத்திடம் ஆதாரத்தோடு கேட்க முடியும்.